நாட்டுக்காக விழுங்கிய மாத்திரை

லோமா செக்கா முன்னாள் படைவீரர் மன்றத்தின் தலைமையில் வீற்றிருக்கும் கமாண்டர் எலோய் லுசேரோ அவர்களே! காடும் கண்ணிவெடியும் கடந்து வந்து, இன்று கரண்டியும் கறிக்கிண்ணமுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் வியட்நாம் மூத்தோரே! பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மார்பில் ஒரு தங்க நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! விடியலிலிருந்து மிளகாய் சுட்டு, தோலுரித்து, கண்ணெரியக் கண்ணெரிய நமக்குச் சமைத்துப் போட்ட மகளிர் துணைமன்றத்துச் சகோதரிகளே! என்னோடு ஒரே புழுதியைத் தின்ற தோழர்களே, தோழிகளே! அதோ, மூலையில் வெள்ளைத் துணி விரித்த சிறு மேசையருகே, யாரும் உட்காராத அந்த நாற்காலிக்கு உரியவர்களே, போருக்குப் போய்த் திரும்பாதவர்களே! உங்கள் அனைவருக்கும் சார்ஜன்ட் லியாண்ட்ரா தஃபோயாவின் வணக்கம்.

மேடை ஏறும்போது கமாண்டர் என் காதில் ஒன்று சொன்னார். "லியாண்ட்ரா, அந்த வார்த்தையைக் கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. பெரியவங்க இருக்காங்க."

எந்த வார்த்தை, கமாண்டர் அவர்களே? இந்த மண்டபத்தில், சீட்டாட்ட மேசையில், நான் கேட்ட வார்த்தைகளை எல்லாம் இங்கே வரிசையாகச் சொன்னால் சுவரில் தொங்கும் கொடி தானாகக் கீழே இறங்கும். அவற்றுக்கெல்லாம் கூசாத காதுகள் இதற்கா கூசப்போகின்றன? கருத்தடை. சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. கறியும் ஆறவில்லை. இனி தொடர்ந்து பேசலாம்.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். தலைநகரில் ஒரு மசோதா கிடக்கிறது. பெரிய மசோதா இல்லை. முன்னாள் படைவீராங்கனைகளுக்கு வீரர் மருத்துவமனையில் கருத்தடை மருந்துக்கும் சாதனத்துக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. அவ்வளவுதான். அது ஒவ்வொரு முறையும் பிறக்கிறது, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு குழுவின் மடியில் படுத்துத் தூங்கிவிடுகிறது. அதை எழுப்ப வேண்டும். இந்த மன்றம் இன்று அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டால், தீர்மானம் மாநில மாநாட்டுக்குப் போகும். மாநாடு ஏற்றால் தலைநகருக்குப் போகும். அங்கே நம் மன்றத் தொப்பியைப் பார்த்தால் எழுந்து நிற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். எழுந்து நிற்பதோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகைதான் அதிகம். அவர்களை அசைக்கத்தான் உங்கள் வாக்கு வேண்டும்.

ஏன் வேண்டும்? சொல்கிறேன்.

ஆப்கானிஸ்தானில், காந்தஹாரில், எங்கள் பெண்கள் கூடாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்களே, உங்களுக்கு இது தெரிந்திருக்காது. தினமும் மதியம் குறித்த நேரத்தில் ஒரு கைக்கடிகாரம் 'பீப்' என்னும். உடனே இன்னொன்று. உடனே இன்னொன்று. கூடாரம் முழுக்கச் சிள்வண்டு கத்துவதைப் போல ஒரே சத்தம். வெயிலில் வெந்து, புழுதியில் புரண்டு, பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்து ஒரு சின்ன மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வோம். அதுதான் எங்கள் மதிய வழிபாடு!

வண்டிவரிசை கிளம்பும் முன் எங்கள் சார்ஜன்ட் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக் கேட்பாள். "தண்ணி எடுத்தாச்சா? தோட்டா எடுத்தாச்சா? மாத்திரை போட்டாச்சா?" யாராவது தலையைச் சொறிந்தால் விடமாட்டாள். "என்னடி யோசனை? நீ வயித்தைத் தள்ளிட்டு நின்னா, உன்னை ஊருக்கு அனுப்பிட்டு அந்த லாரியை யாரு ஓட்டுறது, உங்க அப்பனா?"

அந்த மாத்திரைக்கு யாராவது எங்களிடம் காசு கேட்டார்களா? கேட்கவில்லை! கிளம்பும்போதே கைநிறையக் கொடுத்தார்கள், பைநிறையக் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்? பாசமா? பரிவா? பெண்ணுரிமையில் பற்றா? லாரி ஓட வேண்டும், ஐயா! எண்ணெய் போய்ச் சேர வேண்டும். அதற்கு எங்கள் வயிறு காலியாக இருக்க வேண்டும். என் வயிறு அன்றைக்கு நாட்டின் வயிறு!

நான் குறை சொல்லவில்லை. சரியென்றுதான் விழுங்கினேன். ஆனால் சீருடையைக் கழற்றிக் கொடுத்த மறுநாள் என்ன ஆயிற்று? அதே நான். அதே உடம்பு. அதே மாத்திரை. வீரர் மருத்துவமனையின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்த முகத்தோடு சொல்கிறார், "இது உங்க சொந்த விருப்பம் மேடம். கட்டணம் உண்டு."

போர்க்களத்தில் கடமை, வீட்டுக்கு வந்தால் விருப்பமா? பாலைவனத்தில் படைத்தளவாடம், படுக்கையறைக்கு வந்தால் பகட்டா? இதை எழுதியவர்கள் எந்தக் கூடாரத்தில் படுத்திருந்தார்கள்?

இதையும் கேளுங்கள். இன்று சீருடையில் இருக்கும் பெண்ணுக்கு இது இலவசம். நல்லது. சீருடையை வாழ்நாளில் தொட்டே பார்க்காத, சாதாரணக் காப்பீடு வைத்திருக்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் இலவசம். மிகவும் நல்லது, அவளும் நம் பெண்தான். இரண்டுக்கும் நடுவே, போட்டுக் கழற்றியவள் ஒருத்தி நிற்கிறாளே, அவளுக்கு மட்டும் கட்டணம்! நவம்பரில் ஒரு நாள், படைவீரர் தினத்தன்று, எனக்கு அப்பம் இலவசம். காபி இலவசம். கார் கழுவுவதுகூட இலவசம். பெட்ரோல் பங்கில் நிற்பவன்கூட "உங்க சேவைக்கு நன்றி"ங்கறான். நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தண்ணீரோடு சேர்த்து விழுங்கவா?

என்ன அங்கே? நம் பெரியவர் தோன் பெர்ஃபெக்டோ பாகா ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள், தோன் பெர்ஃபெக்டோ! இவரை எல்லோருக்கும் தெரியும். வியட்நாமில் இரண்டு முறை குண்டடி பட்டவர், நம் மன்றத்து மதுக்கூடமான கேன்டீனின் காவலர். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "ரெண்டு பீர் காசு மகளே அது! ரெண்டு பீர் காசுக்கா இம்புட்டு நேரமா கத்துற?" என்கிறார்.

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். யார் கேட்பார் என்று நினைத்தேனோ அவரே கேட்டுவிட்டார்.

ஜோலீன் சாந்தோவாலை உங்களுக்குத் தெரியும். அந்த மூன்றாவது வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பற்றிப் பேச அவளிடம் அனுமதி கேட்டேன். "பாதியைச் சொல்லி மீதியை முழுங்கினே, நானே வந்து மைக்கைப் புடுங்குவேன்" என்றாள். ஆகவே முழுவதும் சொல்கிறேன்.

ஜோலீன் படையில் எண்ணெய் லாரி ஓட்டினாள். முன்னால் போன வண்டி வெடித்தது. அவள் வண்டி வெடிக்கவில்லை. ஆனால் அந்த அதிர்ச்சி அவள் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் வெளிச்சம் பட்டால் தலை பிளக்கும், வாந்தி வரும், கண் இருட்டும். அந்தத் தலைவலிக்கு வீரர் மருத்துவமனை ஒரு மருந்து தருகிறது. போரில் வந்த நோய் என்பதால் இலவசம். மருந்து வேலை செய்கிறது. அந்த மருந்தால்தான் அவள் நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டினாள்.

ஆனால் அந்த மருந்து சாப்பிடும்போது கர்ப்பம் தரித்தால் கருவுக்கு ஆபத்து. டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: இதைச் சாப்பிடுகிற வரை கருத்தடை தவறக் கூடாது.

பாருங்கள் கணக்கை! குண்டால் வந்த தலைவலி நாட்டின் பொறுப்பு. தலைவலிக்கான மருந்து நாட்டின் பொறுப்பு. அந்த மருந்தால் கட்டாயமாகிப்போன மாத்திரை மட்டும் ஜோலீனின் சொந்த விருப்பம்! மாத்திரைக்குத் தனிக் கட்டணம். அதை எழுதிக்கொடுக்கும் டாக்டரைப் பார்க்கப் போனால் அதற்குத் தனிக் கட்டணம். அந்த டாக்டரும் பக்கத்துத் தெருவிலா இருக்கிறார்? மலையைத் தாண்டிப் போக வேண்டும். பீரையும் மாத்திரையையும் எடைபோடுகிறவர்கள் பெட்ரோலையும் தட்டில் வையுங்கள்.

இனி நம் கேன்டீனுக்கு வருவோம். ஜோலீன் இந்த மன்றத்துக்கு முதலில் வந்தபோதெல்லாம் கதவருகே அவளை நிறுத்திக் கேட்டார்கள், "யாரைத் தேடுறீங்கம்மா? வீட்டுக்காரர் உள்ள இருக்காரா?" அவள் கணவன் ரூபன் எண்ணெய் வயலில் வேலை செய்கிறான். சண்டை என்றால் அவனுக்குப் பூனைச் சண்டைதான் தெரியும். இருந்தும் கேட்டார்கள். அவள் திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி கேட்டார்கள்.

பிறகு ஒரு நாள் வந்தாள். கேன்டீனுக்குள் குழல்விளக்கு கண்ணைக் குத்தும் என்பதால் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். தொப்பியோடு கேன்டீன் வாசலைத் தாண்டினால் நம் சட்டம் என்ன? மணி! மணி அடித்தால் தொப்பிக்காரர் இருக்கும் எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கித் தர வேண்டும். ஜெனரல் வந்தாலும் மணிதான், ஆளுநர் வந்தாலும் மணிதான்.

தோன் பெர்ஃபெக்டோ மணியை அடித்தார். அடித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஏய் படைவீரா! தொப்பியோடவா உள்ள வர்றே? எடு காசை!"

படைவீரா! அம்மா இல்லை, மேடம் இல்லை, யாரோ ஒருவரின் மனைவி இல்லை. படைவீரா! ஜோலீன் என்னிடம் சொன்னாள், "லியாண்ட்ரா, படையை விட்டு வந்தப்புறம் என்னை ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டது அதான் மொத தடவை. என் கால் தரையில இல்லடி."

கேன்டீன் நிறைந்த நாள் அது. எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். குடித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், என்னையும் சேர்த்து. பையில் இருந்தது எதற்கான காசு என்று நம்மில் யாருக்கும் தெரியாது. மருத்துவமனையின் பழைய பில்லுக்காக எடுத்து வைத்த காசு. அந்தப் பில் கட்டாமல் நிற்கும்போது அடுத்த மாத்திரையைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. நமக்குத்தான் தெரியுமே அந்த வியாதி. படை நமக்குக் கற்றுக்கொடுத்ததில் மிக மோசமானது அதுதான்: தனக்கென்று கேட்பவன் கோழை. 'இந்த முறை மாத்திரை வேண்டாம், அப்புறம் வாங்கிக்கறேன்' என்று சொல்லிவிட்டாள்.

மாத்திரை நின்றது. மாத்திரை இல்லாமல் தலைவலி மருந்தைச் சாப்பிடுவது ஆபத்து. ரூபன் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருகிறான். என்ன செய்வாள்? கணவனை வாசலில் நிறுத்தி, "போய்ட்டு அடுத்த மாசம் வா" என்பாளா? இலவசமாக வந்த தலைவலி மருந்தை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு காலையில், பஸ் நிறையப் பிள்ளைகளோடு போகும்போது அவளுக்குக் கண் இருட்டியது. பயிற்சி பெற்ற கை ஐயா அது! வண்டியைச் சாலையோரம் மரத்தடியில் நிறுத்தினாள், எச்சரிக்கை விளக்கைப் போட்டாள், வயர்லெஸ்ஸில் ஆள் அனுப்பச் சொன்னாள், கதவைப் பூட்டிக்கொண்டு சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தாள். எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் கேட்டாளாம், "மிஸ் ஜோலீன், நீங்க அழறீங்களா?" இவள், "இல்லடா கண்ணா, வெயில்" என்றாளாம்.

பள்ளிக்கூடம் அவளிடமிருந்து பஸ் சாவியை வாங்கிக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்தைத் திட்டமாட்டேன், என் தங்கை மகனும் அந்தப் பஸ்ஸில்தான் போகிறான். சாவி திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் அவள் தலைவலி மருந்தை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டு, டாக்டர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதை விடாமல் சாப்பிட வேண்டுமென்றால் இந்த மாத்திரையும் விடாமல் வேண்டும். ஒரு பெண்ணின் வேலை, அவள் வீட்டுச் சோறு, அவள் தலைக்குள் இருக்கும் அமைதி, எல்லாம் உங்கள் 'ரெண்டு பீர் காசு' மேல் நிற்கிறது. காசு சிறியதுதான். அதன் மேல் நிற்பது சிறியதா?

தோன் பெர்ஃபெக்டோ எழுந்து நிற்கிறார். பொறுங்கள், மைக் அங்கே எட்டாது. "எனக்குத் தெரியாதே ஜோலீன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பேனா?" என்கிறார். இதோ, ஜோலீன் பதில் சொல்கிறாள், அதையும் சொல்கிறேன். "அதனாலதான் சொல்லல, தோன் பெர்ஃபெக்டோ. சொல்லியிருந்தா 'பாவம், பொம்பளைப் புள்ள, விட்டுடுங்க'ன்னு சொல்லியிருப்பீங்க. எனக்கு அந்த மணி வேணும். மாத்திரையும் வேணும். எது ஒண்ணு வேணும்னு என்னைக் கேக்காதீங்க."

கை தட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்! என் பேச்சு முழுவதையும் அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

அடடா, வேண்டாம், வேண்டாம்! தோன் பெர்ஃபெக்டோ தொப்பியைக் கழற்றிச் சுற்றுக்கு விடுகிறார். "போடுங்கப்பா! வருஷம் பூரா இந்தப் புள்ளைக்கு மாத்திரை நம்ம செலவு!" காசு விழுகிறது, பார்க்கிறேன். உங்கள் மனம் எனக்குத் தெரியும். யார் வீட்டுக் கூரை பறந்தாலும், யார் ஆடு செத்தாலும் இந்தத் தொப்பி சுற்றியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள், அவள் ஊரில் மன்றமே இல்லை. அவளுக்கு எந்தத் தொப்பி? டெக்சாஸில் ஒருத்தி காருக்குள் படுத்துத் தூங்குகிறாள். அவளுக்கு எந்தத் தொப்பி? நாளைக்கு நாம் எல்லோரும் செத்துப்போன பிறகு, இப்போது பயிற்சி முகாமில் மொட்டைவெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் பெண் வீடு திரும்புவாளே, அவளுக்கு எந்தத் தொப்பி? தர்மம் கொடுப்பவரின் மனதைப் பொறுத்தது. சட்டம் இருந்தால் அவள் யாரிடமும் பல்லிளித்து நிற்க வேண்டியதில்லை. உங்கள் காசு வேண்டாம் ஐயா, உங்கள் வாக்கைப் போடுங்கள்!

இன்னும் சிலர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. மதம், மரபு, மனசாட்சி. அதை நான் கேலி செய்யமாட்டேன். இன்று காலை சமையலறையில் தோன்யா எர்னெஸ்தீனா காயேகோஸ் பக்கத்தில் நின்று மிளகாய் உரித்தேன். நம் துணைமன்றத்தில் அவரை மிஞ்சிய பக்தி யாருக்கு உண்டு? அவர் சொன்னார், "எட்டு பெத்தேன் நான். ஒரு மாத்திரை போட்டதில்ல."

"எட்டும் நீங்க கேட்டதா?" என்றேன்.

மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "மூணு கேட்டேன். அஞ்சு வந்துச்சு. வந்த அஞ்சுக்காகவும் உசிரைக் குடுப்பேன், அது வேற விஷயம். ஆனா வேணுமா வேணாமான்னு என்னை ஒருத்தரும் கேக்கல. கோயில்லயும் கேக்கல, கட்டில்லயும் கேக்கல." பிறகு கத்தியை ஆட்டிச் சொன்னார், "இதை மேடையில சொல்லிக்கோ. ஆனா பாதிரியார் உக்காந்திருந்தா சொல்லாத."

பாதிரியார் இன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஆகவே சொல்லிவிட்டேன், தோன்யா எர்னெஸ்தீனா! மறைந்துகொள்ளாதீர்கள், நீங்கள் தூணுக்குப் பின்னால் நிற்பது தெரிகிறது!

தோழர்களே, யாரும் எதையும் விழுங்க வேண்டுமென்று இந்த மசோதா சொல்லவில்லை. வேண்டாதவளுக்கு வேண்டாம். பத்துப் பெற விரும்புகிறவள் பத்தும் பெறட்டும், தொட்டில் வாங்க நான் வருகிறேன். கேட்பதெல்லாம் இதுதான்: வேண்டும் என்கிறவளின் வழியில் சுங்கச்சாவடி வைக்காதீர்கள்.

நடக்குமா? நடக்கும்! வியட்நாம் மூத்தோரே, காட்டில் தெளித்த நஞ்சு உங்கள் நுரையீரலில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது யார் நம்பினார்கள்? கத்தினீர்கள், கடிதம் போட்டீர்கள், சக்கர நாற்காலியைப் படிக்கட்டின் முன் நிறுத்திக்கொண்டு நகரமாட்டேன் என்றீர்கள். சட்டம் வந்தது. ஈராக் முகாம்களில் எரித்த குப்பையின் புகையைத் தின்று இருமிக்கொண்டு வந்தவர்களையும் முதலில் யாரும் நம்பவில்லை. அதற்கும் சட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் இப்படிப்பட்ட ஒரு மண்டபத்தில், இப்படிப்பட்ட ஒரு மதிய விருந்தில்தான் அது தொடங்கியது. தலைநகரம் தானாக விழித்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது!

ஆகவே, கமாண்டர் அவர்களே, தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

அப்படியா! தோன் பெர்ஃபெக்டோ உட்காரவே இல்லை, நின்றபடியே வழிமொழிகிறார். "வழிமொழியறேன், எழுதிக்கோங்க. ஆனா ஒண்ணு, மாநாட்டுல இதைப் படிக்கிறது லியாண்ட்ரா இல்ல, ஜோலீன். அவ சொன்னாத்தான் உறைக்கும். நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்." ஜோலீன் என்ன சொல்கிறாள்? "பேசறேன். ஆனா நீங்க ஓட்டினா அடுத்த வருஷ மாநாட்டுக்குத்தான் போய்ச் சேருவோம், தோன் பெர்ஃபெக்டோ. ரூபன் ஓட்டட்டும்."

முடிந்தது. எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ஒரு பேச்சாளருக்கு இதைவிட நல்ல பரிசு உண்டா?

பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. குறுக்கே கேட்டவர்களுக்கு நன்றி, கேட்காமல் யோசித்தவர்களுக்கு இன்னும் அதிக நன்றி. சமையலறைக்கு நன்றி. தாய்மார்களுக்கு வணக்கம், மூத்தோருக்கு வணக்கம், ஜோலீனுக்கு என் சல்யூட்.

இனி கமாண்டர் வாக்கெடுப்பு நடத்துவார். ஆம் என்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்பார். முழங்கால் விட்டுப்போனவர்கள் கையைத் தூக்கினால் போதும். கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் குரல் கொடுத்தால் போதும். உங்களிடம் மிச்சம் இருப்பது எதுவோ, அதைக் கொண்டு ஆம் என்று சொல்லுங்கள்!